அலைவரிசைக்கும் ஒரு வாசல்: ஹாம் ரேடியோ தேர்வின் வரலாறும் நம் பிள்ளைகளும்

ஹாம் ரேடியோ உரிமத் தேர்வின் வினாத்தாளில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று மின்னணுவியலும் வானொலிக் கோட்பாடும். இன்னொன்று சட்டமும் விதிகளும். விருத்தாசலத்தில் எங்கள் மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்கு முதல் பகுதி பயம், இரண்டாவது பகுதி அலுப்பு. "1885, 1933, 1978னு இந்த வருஷத்தையெல்லாம் எதுக்குக்கா மனப்பாடம் பண்ணணும்?" என்று பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அந்த வருடங்களை மனப்பாடமாக இல்லாமல் வரலாறாகப் படித்தால் என்ன தெரியவரும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில், தெரியாத தோழர்களுக்காக. ஹாம் ரேடியோ அல்லது அமெச்சூர் ரேடியோ என்பது, வியாபார நோக்கம் இல்லாமல் சொந்த ஆர்வத்தில், ஒதுக்கப்பட்ட அலைவரிசைகளில் ஒருவர் தன் கருவியை வைத்து இன்னொருவரோடு பேசுவது. செல்போன் கோபுரம் வேண்டாம், இணையம் வேண்டாம். ஒரு கருவி, ஒரு பேட்டரி, ஒரு நீளமான கம்பி போதும். இதே ஊரிலிருந்து ஜப்பானில் இருப்பவரோடும் பேசலாம். ஆனால் உரிமம் வாங்க வேண்டும், அதற்குத் தேர்வு எழுத வேண்டும். 12 வயது நிரம்பிய இந்தியக் குடிமக்கள் யாரும் எழுதலாம்.

'யாரும்' என்கிற அந்தச் சொல்லுக்குப் பின்னால் நூறு ஆண்டுக் கதை இருக்கிறது.

1885இன் இந்தியத் தந்திச் சட்டம், தந்தி நிறுவவும் நடத்தவும் அரசுக்கு மட்டுமே உரிமை என்றது. மற்றவர்கள் அனுமதி வாங்கிக்கொள்ள வேண்டும். 1857இல் தந்திக் கம்பி தங்களுக்கு எவ்வளவு கைகொடுத்தது என்பதை வெள்ளைக்காரர்கள் மறக்கவில்லை. கம்பியில்லாத் தந்தி வந்தபோதும் அதே புத்தி தொடர்ந்தது. 1933இன் கம்பியில்லாத் தந்திச் சட்டம், உரிமம் இல்லாமல் கருவியை வைத்திருப்பதையே குற்றமாக்கியது. பேசினால்தான் குற்றம் என்றில்லை, வீட்டில் இருந்தாலே குற்றம். இந்த இரண்டு சட்டங்களின் இடத்துக்கும் 2023 டிசம்பரில் நிறைவேறிய தொலைத்தொடர்புச் சட்டம் வந்திருக்கிறது. காற்றில் பேச மத்திய அரசின் அனுமதி வேண்டும் என்ற அடிப்படை மட்டும் மாறவில்லை.

இந்தியாவில் முதலில் ஹாம் உரிமம் பெற்றவர் கல்கத்தாவின் அமரேந்திர சந்திர குப்தா, 1921இல். அவருடைய அழைப்புக் குறி '2 ஜேகே'. அடுத்த சில ஆண்டுகளில் உரிமம் வாங்கியவர்களில் பெரும்பாலோர் வெள்ளைக்காரர்கள். நம் சென்னையில் 1924 மே மாதம் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று மெட்ராஸ் பிரெசிடென்சி ரேடியோ கிளப்பைத் தொடங்கினார். ஜூலை 31 அன்று 40 வாட் கருவியில் ஒலிபரப்பு ஆரம்பமானது. பணமில்லாமல் 1927இல் கிளப் மூடப்பட்டது. கருவி மாநகராட்சிக்குப் போய், 1930 ஏப்ரல் முதல் மாநகராட்சி வானொலியானது. மெரினாவிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி கட்டி மக்களைக் கேட்க வைத்தார்கள். 1938இல் அகில இந்திய வானொலி அதை எடுத்துக்கொண்டது. ஒலிபரப்பு வரலாற்றுப் புத்தகங்கள் இதைப் பெருமையாகச் சொல்லும். சொல்லட்டும்.

நாம் அதே 1924ஐ இன்னொரு இடத்திலிருந்து பார்க்க வேண்டும். அந்த ஆண்டுதான் ரெட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டமன்றத்தில், பொதுத் தெருவிலும் பொதுக் கிணற்றிலும் பொது இடங்களிலும் ஆதிதிராவிடர்களைத் தடுக்கக் கூடாது என்று தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார். அரசாணையும் வந்தது. ஒரே மாகாணம், ஒரே ஆண்டு. சிலர் காற்றில் குரல் அனுப்பிப் பார்க்கிறார்கள். சிலர் தெருவில் நடக்க அரசாணை கேட்கிறார்கள். கிளப்காரர்கள் யாரையும் விரட்டினார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. விரட்ட வேண்டிய தேவையே வந்திருக்காது.

1939இல் உலகப் போர் தொடங்கியதும் ஹாம் உரிமங்கள் எல்லாம் ரத்தாயின, கருவிகளை ஒப்படைக்கச் சொன்னார்கள். 1942 ஆகஸ்டில் பம்பாயில் உஷா மேத்தாவும் தோழர்களும் ரகசியமாக நடத்திய காங்கிரஸ் ரேடியோவின் கருவிக்குப் பின்னால் இருந்தவர் நரிமன் பிரின்டர் என்ற பழைய ஹாம். நவம்பரில் பிடிபட்டார்கள். அரசு ஏன் இந்தக் கருவியைக் கண்டு பயந்தது என்பதற்கு வேறு உதாரணம் தேவையில்லை. விடுதலைக்குப் பின்னும் அந்தப் பயம் போகவில்லை. 1986 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு விடுதலைப் புலிகளின் வயர்லெஸ் கருவிகளைப் பறித்ததும், பிரபாகரன் சென்னையில் உண்ணாவிரதம் இருந்ததும், கருவிகள் திரும்பக் கொடுக்கப்பட்டதும் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். தமிழ்நாட்டில் வயர்லெஸ் என்றாலே காவல்துறையின் காது கூர்மையாகும்.

இனி தேர்வுக்கு வருவோம்.

1978 விதிகளின்படி கேட்பவர் உரிமம் தவிர நான்கு படிகள் இருந்தன: கட்டுப்பாடுள்ள இரண்டாம் கிரேடு, இரண்டாம் கிரேடு, முதல் கிரேடு, அட்வான்ஸ்டு. இரண்டாம் கிரேடுக்கு நிமிடத்துக்கு 5 சொல் வேகத்தில் மோர்ஸ் வாங்கவும் அனுப்பவும் தெரிய வேண்டும். முதல் கிரேடுக்கு 12 சொல். எழுத்துத் தேர்வில் தேறினாலும் கதை முடியாது. காவல்துறை விசாரணை, அதன்பின் டெல்லியில் கம்பியில்லாத் திட்டமிடல் பிரிவின் கையெழுத்து. எல்லாம் முடிந்து அழைப்புக் குறி கைக்கு வர ஓர் ஆண்டுகூட ஆகும். கருவியோ வெளிநாட்டுச் சரக்கு, அதற்கு இறக்குமதி வரி. தானே ஒரு ஹாமாக இருந்த ராஜீவ் காந்தியின் காலத்தில், 1984இல், அந்த வரி நீக்கப்பட்டது. எண்ணிக்கை ஏறியது. அப்படி ஏறியும் 2007 வாக்கில் நாடு முழுவதும் சுமார் 16,000 பேர்தான். நூறு கோடியைத் தாண்டிய நாட்டில் 16,000.

இந்த விதிகளில் எங்கும் சாதி என்ற சொல் கிடையாது. சமூகவியல் படித்த எங்களுக்கு இது பழகிய விஷயம். சாதியைச் சொல்லாத விதி எப்படிச் சாதியாக வேலை செய்யும் என்பதைப் பார்க்க, விதியைச் சுற்றி நிற்பவற்றைப் பார்க்க வேண்டும். பாடமும் புத்தகமும் ஆங்கிலம். தேர்வு மையம் சென்னை பெருங்குடியில். விருத்தாசலம் சந்திப்பிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல். காலைத் தேர்வென்றால் ராத்திரி ரயிலேறி, எழும்பூரில் முகம் கழுவி, பஸ் பிடித்துப் போக வேண்டும். அப்பாவோ அம்மாவோ ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுக் கூட வர வேண்டும். மோர்ஸ் பழக வீட்டில் கூட ஒருவர் வேண்டும். தாத்தா தந்தி ஆபீசிலோ ராணுவ சிக்னலிலோ இருந்த வீட்டுப் பிள்ளைக்கு அது காதில் விழுந்து வளர்ந்த சத்தம். நம் வீடுகளில் தந்தி என்றால் சாவுச் செய்தி.

காவல்துறை விசாரணையைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு திருவிழாத் தகராறோ, கொடிக்கம்பத் தகராறோ நடந்தால் தாக்கப்பட்டவர்கள் மீதும் எதிர்வழக்குப் போடுவது நம் மாவட்டத்தில் வழக்கம். காலனியில் நாலைந்து பெயரை எழுதி 'மற்றும் பலர்' என்று சேர்ப்பார்கள். படிக்கிற பையன் பெயரும் அதில் ஏறிவிடும். பாஸ்போர்ட்டுக்கு, அரசு வேலைக்கு, இதோ இந்த உரிமத்துக்கும் 'நன்னடத்தை' கேட்கும்போது அந்தத் தாள் எழுந்து நிற்கும். தேர்வுக்குப் படிக்கத் தொடங்கும் முன்பே, தன் பெயர் எந்த வழக்கிலாவது இருக்கிறதா என்று ஒரு வழக்கறிஞர் தோழரை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் சொல்லும் முதல் பாடம் இதுதான், ஓமின் விதி இரண்டாவது.

விதிகள் மாறவே மாறாதவை என்று நினைக்க வேண்டாம். 2003இல் உலக வானொலி மாநாடு மோர்ஸ் கட்டாயத்தை அந்தந்த நாட்டின் விருப்பத்துக்கு விட்டது. அமெரிக்கா 2007இல் மோர்ஸை முற்றாக எடுத்தது. இந்தியாவில் 2009 திருத்தம் படிகளைச் சுருக்கி, ரெஸ்ட்ரிக்டட், ஜெனரல் என இரண்டாக்கியது. ரெஸ்ட்ரிக்டடுக்கு மோர்ஸ் இல்லை. ஜெனரலுக்கு நிமிடத்துக்கு 8 சொல். உரிமக் கட்டணம் 20 ஆண்டுக்கு 1,000 ரூபாய், வாழ்நாளுக்கு 2,000 என்று வைத்தார்கள். ரெஸ்ட்ரிக்டட் உரிமக்காரர் 50 வாட் வரை அனுப்பலாம். 1924இல் சென்னையின் அந்தக் கிளப்பிடம் இருந்தது 40 வாட் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

தேர்வு கடினமா? நேர்மையாகச் சொன்னால், ரெஸ்ட்ரிக்டட் தேர்வு கடினமில்லை. ஒரு மணி நேரம், 50 மதிப்பெண். ஒவ்வொரு பகுதியிலும் 40 சதவீதமும் மொத்தத்தில் 50 சதவீதமும் எடுத்தால் போதும். பத்தாம் வகுப்பு இயற்பியல் ஒழுங்காகத் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மின்தடைகளைத் தொடரிலும் பக்கத்திலும் இணைத்தால் என்னாகும், கெப்பாசிட்டர்களுக்கு அது ஏன் தலைகீழ், டிரான்சிஸ்டர் எப்படிச் சிக்னலைப் பெருக்குகிறது, சூப்பர்ஹெட்ரோடைன் ரிசீவரின் கட்டப்படத்தில் எந்தக் கட்டத்துக்குப் பின் எது. கட்டப்படத்தைப் பத்து முறை கையால் வரையுங்கள், மறக்காது.

ஆன்டெனா கணக்கு நம் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கிறது, கையில் பிடிக்கிற கணக்கு என்பதால். ஒளியின் வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம். 300ஐ 7.1 மெகாஹெர்ட்சால் வகுங்கள், 42 மீட்டர் சொச்சம். அதில் பாதி 21. கம்பியில் அலை கொஞ்சம் மெதுவாகப் போவதால் நூற்றுக்கு ஐந்து கழித்தால் 20 மீட்டர். ஒரு வேப்பமரத்துக்கும் ஒரு தென்னைக்கும் நடுவே 20 மீட்டர் செம்புக் கம்பி, நடுவில் வெட்டிக் கேபிளை இணைத்தால் அரை அலை டைபோல் தயார். இரண்டு முனையிலும் மரத்தோடு கம்பி ஒட்டாமல் இருக்க முட்டை வடிவ இன்சுலேட்டர் கட்ட வேண்டும். அது பீங்கான். நெய்வேலிச் சுரங்கத்தில் நிலக்கரிக்கு மேலே கிடைக்கும் வெள்ளைக் களிமண்ணை நம்பி வளர்ந்த ஊர் இது. அச்சில் ஊற்றி, காயவைத்து, சூளையில் அடுக்குகிற வேலையை எங்கள் மாணவர்களின் அம்மாக்கள் செய்கிறார்கள். பீங்கான் ஏன் மின்சாரத்தைக் கடத்தாது, ஈரம் பட்டாலும் ஒழுகாமல் இருக்க மேலே கிளேஸ் ஏன் பூசுகிறார்கள் என்பதெல்லாம் வானொலிக்கும் வேண்டிய பாடம்தான். செராமிக் கெப்பாசிட்டரும் அதே குடும்பம். இந்த வேலை கையில் இருக்கிறது, அதற்குரிய அறிவும் தாளும் மட்டும் வேறு யாரிடமோ இருக்கிறது. சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமன்று, வேலை செய்கிற மனிதர்களையே பிரிப்பது என்று அம்பேத்கர் காட்டியதைப் பிள்ளைகளுக்கு இங்கே விளக்குவது சுலபமாக இருக்கிறது.

கருவிக்குப் பணம் எங்கே போவது என்று கேட்பார்கள். ஹைதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் கருவியைத் தேடிப் படியுங்கள். கடையில் கிடைக்கும் சாதாரண உறுப்புகளால் ஆனது. காயில் சுற்றுவதற்குத் தண்ணீர்க் குழாயின் வாஷரையே பயன்படுத்தினார். ஹாம் உலகம் முழுக்க அதைக் கட்டிப் பார்த்தது.

விதிகள் பகுதிக்குக் குறுக்கு வழி இல்லை, படிக்கத்தான் வேண்டும். அலைவரிசை எல்லைகள், கியூ குறிகள் (கியூடிஎச் என்றால் இருக்கும் இடம், கியூஆர்எம் என்றால் பிற நிலையங்களின் இடைஞ்சல், கியூஎஸ்எல் என்றால் செய்தி கிடைத்தது), ஆல்ஃபா பிராவோ எழுத்துகள், மேடே அழைப்பு வந்தால் என்ன செய்வது, பதிவேட்டில் என்னென்ன எழுதுவது. கூடவே எதைப் பேசக் கூடாது என்ற பட்டியல். அதில் விளம்பரம், வியாபாரம், பாட்டு, செய்தி ஒலிபரப்பு ஆகியவற்றோடு அரசியல் சர்ச்சையும் தொழிற்சங்கச் சர்ச்சையும் இருக்கின்றன. இதை மறைக்காமல் சொல்கிறோம்: நம் அரசியலைப் பேச ஹாம் ரேடியோ மேடை ஆகாது. அதற்கு வேறு வழி தேட வேண்டும். அலைவரிசை பொதுச்சொத்து என்று 1995இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு சமுதாய வானொலிக்குக் கதவு திறந்தது. இன்றைய தெலங்கானாவின் மச்சனூரில் 2008 அக்டோபர் 15 முதல் தலித் பெண்கள் தங்கள் விதை, தங்கள் பாட்டு, தங்கள் பேச்சோடு சங்கம் ரேடியோவை நடத்துகிறார்கள். அது வேறு உரிமம், வேறு கட்டுரை.

அப்படியானால் இந்தத் தேர்வு எதற்கு? பேரிடருக்கு. மூன்றாம் நபரின் செய்தியைக் கடத்தக் கூடாது என்ற தடை பேரிடர் நேரத்தில் தளர்கிறது. 2004 டிசம்பரில் ஹைதராபாத் தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தின் பாரதி பிரசாத், அந்தமானிலிருந்து ஒலிபரப்ப அரிதாகக் கிடைத்த அனுமதியோடு போர்ட் பிளேரில் இருந்தார். 26ஆம் தேதி காலை சுனாமி வந்து எல்லாத் தொடர்பும் அறுந்தபோது அவர் கருவி தீவுகளுக்கும் பெருநிலத்துக்கும் இடையே பாலமானது. நம் கடலூர் மாவட்டத்தையும் அதே அலைதான் அடித்தது. 2011 டிசம்பர் 30 தானே புயலில் முந்திரியும் பலாவும் சாய்ந்து, ஊர்கள் பல நாட்கள் மின்சாரமில்லாமல் கிடந்தன. 2015 நவம்பரில் பண்ருட்டி அருகே பெரியகாட்டுப்பாளையத்தில் வெள்ளம் குடிசைகளோடு உயிர்களையும் கொண்டுபோனது.

இந்த ஒவ்வொரு பேரிடரிலும் நிவாரணம் ஊருக்குள் வந்து காலனிக்கு வராமல் நின்றதைத் தலித் மனித உரிமை அமைப்புகள் கள ஆய்வுகளில் பதிவு செய்திருக்கின்றன. சுனாமியில் படகு போனவர்களுக்குக் கணக்கு இருந்தது. அந்தக் கரையில் மீன் சுமந்தவர்கள், வயலில் உப்பு ஏறி வேலை போனவர்கள் கணக்கில் வரத் திணறினார்கள். களத்தில் நாங்கள் திரும்பத் திரும்பப் பார்ப்பது ஒன்று உண்டு. கட்டுப்பாட்டு அறைக்கு 'கிராமம் பாதுகாப்பாக உள்ளது' என்று தகவல் போகும். கிராமம் என்றால் மேட்டில் இருக்கும் ஊர். பள்ளத்தில் இருக்கும் காலனிக்கு அந்த வாக்கியத்தில் இடமில்லை. பொய் சொல்கிறார்கள் என்றில்லை, தகவல் சொல்பவர் நிற்கும் இடத்திலிருந்து காலனி தெரிவதில்லை. மைக்கைப் பிடித்திருப்பவர் காலனியில் நின்றால் 'கிழக்குத் தெருவில் இடுப்பளவு தண்ணீர், மூன்று கர்ப்பிணிகள், குடிநீர் இல்லை' என்று போகும்.

செய்தி வெளியே போகாமல் அமுக்கப்பட்டால் என்னாகும் என்பதை இந்த வட்டாரத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2003 ஜூலையில் விருத்தாசலம் அருகே முருகேசனும் கண்ணகியும் கொல்லப்பட்டார்கள். முருகேசன் பொறியியல் பட்டதாரி, தலித். வழக்குப் பதியவே நாட்கள் ஆயின. 2021இல்தான் கடலூர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது, குற்றவாளிகளில் காவல்துறையினரும் இருந்தார்கள். ஒரு ரேடியோ அவர்களைக் காப்பாற்றியிருக்கும் என்று சொன்னால் அது அவர்களை அவமதிப்பது. தகவல் போகும் பாதை யார் கையில் இருக்கிறது என்பது நமக்கு உயிர்ப் பிரச்சினை என்பதை மட்டும் சொல்கிறோம்.

அமெரிக்கக் கறுப்பர்கள் இதை நமக்கு முன்பே யோசித்தார்கள். ரூஃபஸ் டர்னர் 1920களிலேயே உரிமம் பெற்று வாஷிங்டனில் நிலையம் நடத்தினார், பின்னாளில் மின்னணுவியலில் எத்தனையோ புத்தகங்கள் எழுதினார். 1952இல் ஒஹையோ, மிச்சிகன், இந்தியானா, கென்டக்கி மாநிலங்களின் கறுப்பின ஹாம்கள் சேர்ந்து, அந்த மாநிலங்களின் முதலெழுத்துகளால் ஓமிக் என்ற சங்கத்தை அமைத்தார்கள். ஓட்டலில் அறை கொடுக்காத, பெட்ரோல் பங்கில் கழிப்பறையைத் திறக்காத காலம். காரில் பயணம் போகிற ஹாம், அடுத்த ஊரில் எங்கே பாதுகாப்பாகத் தங்கலாம், எங்கே சாப்பிடலாம் என்று இன்னொரு கறுப்பின ஹாமிடம் அலைவரிசையில் கேட்டுக்கொள்வார். கேட்டது வெறும் முகவரிதான், அரசியல் சர்ச்சை எதுவும் அதில் இல்லை.

காற்றில் அழைப்புக் குறிதான் உங்கள் பெயர். ரெஸ்ட்ரிக்டட் என்றால் 'வியு 3' என்று தொடங்கி மூன்று எழுத்து. அப்பா பெயர், தெருப் பெயர், 'நீங்க எந்தப் பக்கம்' என்ற கேள்வி எதுவும் அதில் ஒட்டிக்கொண்டு வராது. அதற்காக அலைவரிசையில் சாதி இல்லை என்று நம்பிவிடவும் வேண்டாம். பேச்சு நீண்டால் கேள்விகள் வரும், சங்கக் கூட்டத்துக்குப் போனால் முகங்கள் தெரியும்.

எங்கள் வகுப்பு சனிக்கிழமை மாலைகளில் நடக்கிறது. இந்த மாதம் கெப்பாசிட்டர் முடித்துவிட்டு விதிகளுக்குப் போகிறோம். ஆங்கிலத்தில் இருக்கும் பாடத்தைப் பிள்ளைகளே தமிழில் எழுதி வருகிறார்கள். 'இம்பீடன்ஸ்' என்பதற்கு 'மின்மறுப்பு' என்று தமிழ்ச் சொல் இருக்கிறது, ஆனால் வினாத்தாளில் ஆங்கிலச் சொல்தான் வரும் என்பதால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைக்கிறோம். வேறு ஊர்களில் இதைத் தொடங்க நினைக்கும் தோழர்கள் அந்த நோட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். சட்டப் பகுதி இன்னும் பாதிதான் எழுதியிருக்கிறது. 1933ஐ இப்போது யாரும் அலுத்துக்கொள்வதில்லை.